ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியின் வட்ட ஹெட்லைட்டுக்குள் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. அடிப்பாகத்தில் 12 வோல்ட், 60/55 வாட் என்று பொறித்திருக்கும். காட்டுப் பாதையிலும் மலைச்சாலையிலும் இரவில் ஓட்டிப் பார்த்தவர்கள் வெளிச்சம் போதவில்லை என்று கடைக்குப் போனால், ஒருவர் 100/90 வாட் பல்பை எடுத்துக் காட்டுவார், இன்னொருவர் எல்இடி பெட்டியை நீட்டுவார். அதை வாங்கிப் போட்டவர்களில் சிலருக்கு வெளிச்சம் கூடுகிறது. சிலருக்குக் கப்ளர் (பல்பின் பின்களில் வயரைச் செருகும் இணைப்பு) உருகிப்போகிறது. இன்னும் சிலருக்கு எதிரே வருகிறவர்கள் கண்ணைக் கூசிக்கொண்டு ஹாரன் அடிப்பதோடு சரி, தரையில் பள்ளம் தெரிவதில்லை. ஏன் இப்படி ஆளுக்கு ஒரு விதமாக ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதற்குப் பணம் செலவழிக்கலாம், எது வெறும் இருபது நிமிட வேலை என்பது தெளிவாகிவிடும்.

பல்புக்குள் என்ன இருக்கிறது

எச்4 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று பிரைட்டுக்கு (60 வாட்), மற்றது டிம்முக்கு (55 வாட்). டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு உலோகத் தகடு இருக்கும். இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. அதனால்தான் டிம்மில் போடும்போது சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடுதான் எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இரண்டு இழைகளும் நிற்கும் இடத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் வெளிச்சம் சிதறும். எல்இடி பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி கிடையாது, பெரும்பாலும் குவார்ட்ஸ். உள்ளே கொஞ்சம் அயோடினோ புரோமினோ கலந்த வாயு இருக்கும். சூடான இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அந்த வாயு பிடித்துத் திரும்ப இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தச் சுழற்சி நடக்க, கண்ணாடியின் சூடு 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். கையால் தொட்டால் விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து வெந்து, அந்த இடம் வெளுத்துப் பலவீனமாகும். பிறகு அங்கேதான் கண்ணாடி புடைக்கும் அல்லது விரியும். புது பல்பைக் கண்ணாடியில் தொடாதே என்று சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். தொட்டுவிட்டாலும் பயமில்லை: ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

முதலில் வகையைப் பாருங்கள்

எல்லா ஆஃப்ரோடு வண்டியிலும் எச்4 இருக்காது. ஹீரோ இம்பல்ஸ் போன்ற சிறிய வண்டிகளில் வருவது எச்எஸ்1, 35/35 வாட். பார்ப்பதற்கு எச்4 போலவே இருக்கும். அடித்தட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில்தான் சிறு வித்தியாசம். வெளிச்சத்தில் வித்தியாசம் பெரிது. 13.2 வோல்ட்டில் சோதிக்கும்போது எச்4 பிரைட்டில் 1650 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), டிம்மில் 1000 லூமன் தர வேண்டும் என்பது விதிமுறை. எச்எஸ்1-க்கு அது 825-உம் 525-உம். சரிபாதி. பழைய கேடிஎம் இஎக்ஸ்சி மாதிரியான பந்தய எண்டியூரோ வண்டிகளில் 35/35 வாட்டில் முற்றிலும் வேறு அடி கொண்ட பல்பு வரும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியில் எல்இடி விளக்கு டூமோடு (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) சேர்ந்தே வருவதால் மாற்றுவதற்குத் தனி பல்பே இல்லை. அங்கே செய்ய முடிந்தது கோணத்தைச் சரிசெய்வதும், கூடுதல் விளக்கு வைப்பதும்தான்.

எச்எஸ்1 வண்டியில் காதை அரத்தால் தேய்த்து எச்4 மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. 35 வாட்டுக்குச் செய்த வயரும் ரிஃப்ளெக்டரும் 55 வாட் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். வண்டியின் சார்ஜிங்கும் அதற்கு ஏற்றதாக இருக்காது. வேண்டாம்.

கழற்றி மாட்டுவது

இன்ஜினை நிறுத்தி, பல்பு ஆற பத்து நிமிடம் விடுங்கள். டூம் சில வண்டிகளில் கீழே ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும், சிலவற்றில் பக்கவாட்டு போல்ட்டுகளில். எதைத் தளர்த்தினாலும், கையில் டூமைப் பிடித்துக்கொண்டே கடைசி ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வயரில் தொங்கவிட்டால் கப்ளருக்குள் உள்ள பித்தளைத் தகடுகள் தளர்ந்துபோகும். பக்கவாட்டு போல்ட்டாக இருந்தால், தளர்த்தும் முன் டூம் நிற்கும் இடத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொண்டால் பிறகு கோணம் தேட வேண்டாம்.

மூன்று பின் கப்ளரை நேராக இழுங்கள். வராவிட்டால் இடது, வலது என்று மெல்ல ஆட்டி இழுக்கலாம். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடுத்தது ரப்பர் கவர். அதை உரித்தால் கம்பி கிளிப் தெரியும். கிளிப்பை அழுத்தி ஒதுக்கினால் பல்பு கையோடு வரும். புது பல்பின் அடித்தட்டில் மூன்று காதுகள் இருக்கும். அவை ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். கிளிப்பைப் போடுவதற்கு முன் பல்பை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. வெளிச்சம் வானத்துக்குப் போகிறது என்ற புகார்களில் பல, ஒரு காது பள்ளத்தில் உட்காராமல் சாய்ந்து நிற்பதால் வருவது.

ரப்பர் கவரை அலட்சியமாகப் போடாதீர்கள். அது பல்பின் அடியில் வட்டமாக ஒட்டிப் படிய வேண்டும், ‘மேல்’ என்று குறியிருந்தால் அது மேலே வர வேண்டும். ஓடை கடக்கும்போது சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் பல்பு வெடிக்கலாம். கவர் வெடித்திருந்தால் பல்போடு சேர்த்து அதையும் புதிதாகப் போடுங்கள்.

வெளிச்சம் எங்கே தொலைகிறது

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் கூடிக் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்ட்டேஜின் 3.4-ஆவது அடுக்கில் மாறுகிறது. எளிதாகச் சொன்னால், வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் முனையில் 12.4 வோல்ட் மட்டும் வந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே தங்கிவிட்டது. புது பல்பு போட்டாலும் அதே கதைதான்.

இதை அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்பது கட்டாயம். ஆகவே அதற்குப் பிந்தைய ஹிமாலயனில் இன்ஜின் ஓடும்போதுதான் அளக்க முடியும். ஆர்பிஎம்மைச் சுமார் 3000-இல் வைக்க ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிம் எரிந்துகொண்டிருக்கும்போது கப்ளரின் பின்பக்கமாக, வயர் நுழையும் இடத்தில் மீட்டரின் ஊசியைச் செருகுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. கரண்ட் ஓடாதபோது கெட்டுப்போன வயரும் முழு வோல்ட்டேஜையே காட்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் கப்ளரின் டிம் வயருக்கும் இடையே அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கப்ளரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள். முதல் அளவு அதிகமென்றால் ஹேண்டில்பார் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச், இடையிலுள்ள கப்ளர்கள் ஆகியவற்றில் எங்கோ பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. இரண்டாவது அதிகமென்றால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் இந்த இரண்டாவது வேலைதான் பெரும்பாலும் பலன் தருகிறது, செலவும் கிடையாது.

எர்த் முழுவதுமாகப் போய்விட்டால் ஓர் அடையாளம் உண்டு: டிம்மில் வைத்திருக்கும்போதே வண்டியின் மீட்டரில் பிரைட்டுக்கான நீலக் குறி மங்கலாக எரியும். வெளியேற வழியில்லாத கரண்ட் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் அந்தக் குறி விளக்கைத் தேடுகிறது. இதைப் பார்த்துப் பல்பு போச்சு என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

வாட் கூட்டினால் என்ன ஆகும்

வயரிலும் ஸ்விட்ச்சிலும் சேர்ந்து 0.3 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் பல்பு இழுப்பது சுமார் 4.6 ஆம்பியர், வழியில் 1.4 வோல்ட் போய்விடும், 6 வாட் சூடாகும். அதே வயரில் 90 வாட் டிம் போட்டால் 7.5 ஆம்பியர். இப்போது போவது 2.2 வோல்ட், சூடு 17 வாட். வாட் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதல், ஆனால் சூடு மூன்று மடங்கை நெருங்குகிறது. அந்தச் சூடு வயர் முழுக்கப் பரவி இருப்பதில்லை. தளர்ந்த ஒரு பித்தளைத் தகட்டில், ஸ்விட்ச்சின் ஒரு சின்னப் புள்ளியில் குவிந்து நிற்கும். 100/90 போட்டவர்களின் கப்ளர் பழுப்பாகி உருகுவது இதனால்தான். பல்பின் சூடு வேறு ரிஃப்ளெக்டரின் பிளாஸ்டிக்கைத் தாக்கி, பளபளப்புப் பூச்சை மங்க வைக்கும். பூச்சு போன டூமை எந்தப் பல்பாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே 60/55 வாட்டிலேயே நல்ல கம்பெனி பல்பை வாங்கி, அதற்கு ரிலே வயரிங் செய்வதே முதல் மேம்பாடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் 60/55 ஹாலஜன் பல்புகளும் உண்டு. அவை உண்மையிலேயே கொஞ்சம் பிரகாசமானவை. இழையை அதிகச் சூட்டில் எரியவிடுவதால் ஆயுள் குறைவு, குலுங்கும் பாதையில் இன்னும் குறைவு. நீலப் பூச்சுப் பூசிய பல்புகளைத் தொடவே வேண்டாம். அந்தப் பூச்சு மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகிறது.

ரிலே வயரிங்

ரிலே என்பது, சின்னக் கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஒரு ஸ்விட்ச். பழைய ஹேண்டில்பார் ஸ்விட்ச் இனி பல்பின் 5 ஆம்பியரைச் சுமக்காது. ரிலேயின் காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்டை மட்டும் சுமக்கும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும்.

12 வோல்ட் 30 ஆம்பியர் நான்கு பின் ரிலே இரண்டு வேண்டும், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பின்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக இரண்டு ரிலேயின் 30-க்கும் வயர் போகட்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி வெட்டுப்பட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அதுதான். 87-இலிருந்து புது கப்ளரின் டிம், பிரைட் பின்களுக்கு. பழைய கப்ளரிலிருந்து வரும் டிம், பிரைட் வயர்கள் அந்தந்த ரிலேயின் 86-க்கு. 85 இரண்டும் எர்த்துக்கு. புது கப்ளரின் எர்த்தைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது நல்லது.

60/55 வாட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் மல்டி ஸ்ட்ராண்ட் வயர் தாராளம். ஒற்றைக் கம்பி வீட்டு வயரைப் போடாதீர்கள், அதிர்வில் முறிந்துவிடும். கப்ளர் செராமிக்காக இருக்கட்டும். ரிலேயை டாங்குக்கு அடியிலோ முன்பக்கத்திலோ, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே டை போட்டு இறுக்குங்கள்.

எல்இடி போடலாமா

போடலாம், பார்த்து வாங்கினால். பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சிட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 25 வாட் இழுக்கும் பல்பு 2500 லூமனைத் தாண்டாது. மீட்டரை வைத்துக் கரண்ட்டை அளந்தாலே பெட்டியின் பொய் வெளிப்பட்டுவிடும்.

லூமனைவிட முக்கியம், வெளிச்சம் தரும் எல்இடி சிப்கள் நிற்கும் இடம். ஒரு ஹாலஜன் பல்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டிம் சிப், பழைய டிம் இழை இருந்த அதே தூரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கிண்ணத் தகடு கட்டாயம் வேண்டும். இரண்டு பக்க சிப்களைத் தாங்கும் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மாட்டிய பின் சிப்கள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. நாலு பக்கமும் சிப் ஒட்டிய மக்காச்சோளக் கதிர் மாதிரியான பல்பு இந்த ரிஃப்ளெக்டரில் வெளிச்சத்தைக் கொட்டுமே தவிர, சாலையில் சேர்க்காது.

ஆஃப்ரோடு வண்டிக்கு இன்னும் இரண்டு கவலைகள். பின்னால் சின்ன ஃபேன் வைத்த எல்இடி தூசியிலும் சேற்றிலும் ஃபேன் நின்றுபோனால் சூட்டில் தானாக மங்கும், பிறகு சாகும். ஃபேன் இல்லாத, அலுமினிய வெப்பத் தகடு கொண்டதே மேல். ஆனால் அது டூமுக்குள் கொள்ளுமா, ரப்பர் கவர் மூடுமா என்று அளந்து வாங்க வேண்டும். இரண்டாவது, எல்இடியின் வெளிச்சத்தோடு சூடு முன்பக்கம் வருவதில்லை. கண்ணாடியில் படிந்த பனி ஹாலஜனில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், எல்இடியில் அப்படியே நிற்கும்.

எல்இடிக்கு டிசி கரண்ட் வேண்டும். சில பழைய வண்டிகளிலும் பல எண்டியூரோ வண்டிகளிலும் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலின் ஏசியில் நேரடியாக எரிகிறது. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் லைட் எரியாது, ஐடிலில் மங்கி, முறுக்கினால் பளிச்சென்றாகும் என்றால் ஏசியாக இருக்கலாம். ஆனால் தானாக எரியும் ஹெட்லைட் உள்ள வண்டியிலும் இன்ஜின் ஓடினால்தான் எரியும் என்பதால், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தே முடிவு செய்யுங்கள். ஏசி வண்டியில் எல்இடி மாட்டினால் துடிதுடிக்கும், சீக்கிரம் போகும். முதலில் டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வேலை நடக்க வேண்டும். அதற்கு நல்ல எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

கோணம்

டயரில் சரியான காற்று, நீங்கள் சீட்டில், வழக்கமாக ஏற்றும் சாமான் பின்னால். இந்த நிலையில் வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டரில் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் விழ வேண்டும். அதாவது 1 சதவீதச் சரிவு.

சாமானோடு அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹிமாலயன் 411-இன் பின் சஸ்பென்ஷன் 180 மில்லிமீட்டர் இறங்கக் கூடியது; வீல்பேஸ் 1465 மில்லிமீட்டர். பை கட்டியதால் பின்பக்கம் 25 மில்லிமீட்டர் கூடுதலாக அமுங்கினால், வண்டியின் மூக்கு 1.7 சதவீதம் மேலே தூக்கும். நீங்கள் வைத்த 1 சதவீதச் சரிவு காணாமல் போய், 50 மீட்டர் தொலைவில் விளிம்பு 85 சென்டிமீட்டர் உயர்ந்து எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போகிறது. பயணத்துக்குப் பை கட்டும்போது பின் ஸ்ப்ரிங்கின் ப்ரீலோடை (முன் இறுக்கத்தை) கூட்டுங்கள், அல்லது டூமை இறக்குங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதியும் இதையே கேட்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. வெளிநாட்டு டூம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டூமில் டிம் வெளிச்சம் வலது ஓரத்தில் மேலேறும். நம் சாலையில் அந்தப் பக்கம்தான் எதிர் வண்டி வருகிறது.

இறந்த பல்பு சொல்வது

கழற்றிய பல்பைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக, இழை மட்டும் ஓரிடத்தில் முறிந்திருந்தால் அதிர்வின் வேலை. பல்பு கிளிப்பில் ஆடுகிறதா, டூமின் ரப்பர் புஷ்கள் நைந்துவிட்டனவா என்று பாருங்கள். கண்ணாடியின் உள்ளே கறுத்திருந்தால் ஆயுள் முடிந்தது, அல்லது வோல்ட்டேஜ் அதிகம். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. தண்ணீரோ விரல் தடமோ காரணமாக இருக்கலாம். சில வாரங்களுக்கு ஒரு பல்பு போய்க்கொண்டே இருந்தால், 5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை சரி. 15-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்துப் போவது பேட்டரி.

எல்இடி போட்டிருந்தாலும் ஒரு எச்4 ஹாலஜன் பல்பைப் பஞ்சில் சுற்றி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து டூல் கிட்டில் வையுங்கள். ரிலே வேலை செய்த வண்டியென்றால், முதல் கரடுமுரடான பயணம் முடிந்து வந்ததும் கப்ளரைக் கழற்றி, பின்களின் நிறத்தையும் பேட்டரி முனையின் இறுக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பித்தளை நீலமாகவோ பிளாஸ்டிக் பழுப்பாகவோ மாறியிருந்தால் அந்த முனை தளர்வாக இருக்கிறது. அதை நசுக்கி இறுக்க முயலாமல் புது முனை போட்டு, அதற்கான கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள்.